கல்லைப் படித்தால் மெடல் கிடைக்குமா? நிலவியல் விருதுகள்: கேள்வி பதில்

முப்பது வருஷத்துக்கு மேல் பாறையைத் தட்டிப் பிழைத்தவன் நான். இப்போது ஓய்வு பெற்று கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். நிலவியல் துறையில் கொடுக்கிற விருதுகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பர்கூர், ஒரு அப்பா): மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஜியாலஜிதான் படிப்பேன் என்கிறாள். அந்தத் துறைக்கு நோபல் பரிசே கிடையாதாமே சார்? அப்புறம் எதற்கு அது?

கிடையாதுதான். கணிதத்துக்கும்தான் கிடையாது, அதற்காக யாராவது கணக்குப் படிக்காமல் இருக்கிறார்களா? எங்கள் துறைக்குப் பெரிய பரிசுகள் தனியாக இருக்கின்றன. சுவீடனில் நோபலைத் தீர்மானிக்கிற அதே அறிவியல் கழகம் 1982 முதல் கிராஃபோர்ட் பரிசு கொடுக்கிறது. துறைகள் சுழற்சியில் மாறி வரும், புவி அறிவியலும் அதில் ஒன்று. அமெரிக்காவில் வெட்லசன் பரிசு 1960-இல் தொடங்கியது. எல்லாவற்றையும்விடப் பழையது லண்டன் நிலவியல் சங்கத்தின் வொலாஸ்டன் பதக்கம். 1831-இல் ஆரம்பித்தது. டார்வின் 1859-இல் இதை வாங்கியிருக்கிறார். பல்லேடியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தவர் வொலாஸ்டன் என்பதால், இன்றைக்கும் பதக்கத்தைப் பல்லேடியத்தில்தான் அடிக்கிறார்கள்.

மகள் கேட்டதைப் படிக்க வையுங்கள். சேலம் அரசு கலைக் கல்லூரியில் இருக்கிறது, சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. சேரும்போது ஒன்று மட்டும் கவனம்: புவியியல் என்று போட்டிருந்தால் அது ஜியாகிரபி. நிலவியல்தான் ஜியாலஜி. மாற்றிச் சேர்ந்துவிட்டுப் பிறகு முழித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (காவேரிப்பட்டினம், பத்தாம் வகுப்பு மாணவர்): பள்ளியில் படிக்கும்போதே வாங்குகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா ஐயா?

இருக்கிறது தம்பி. சர்வதேச புவி அறிவியல் ஒலிம்பியாட். 2007-இல் தென் கொரியாவின் டேகு நகரத்தில் தொடங்கியது. 2013-இல் நம் பக்கத்து மைசூரிலேயே நடந்தது. முதலில் இந்திய அளவில் நுழைவுத் தேர்வு, அதில் மேலே வருபவர்களுக்குப் பயிற்சி முகாம், கடைசியில் நாட்டுக்கு நான்கு பேர். பாறை மட்டும் இல்லை. வானிலை, கடல், வானியல் எல்லாம் கேட்பார்கள். எனக்குப் பிடித்த விஷயம், எழுத்துத் தேர்வோடு சேர்த்து ஒரு களப்பணியும் உண்டு. வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளை ஒரே குழுவாகக் கலந்து, வெளியே கூட்டிப்போய், பார்த்ததை விளக்கு என்பார்கள். மனப்பாடம் அங்கே செல்லாது.

கேள்வி (தருமபுரி, எம்.எஸ்சி. மாணவி): தேசிய புவி அறிவியல் விருது என்கிறார்களே, அதை யாருக்குக் கொடுப்பார்கள்? நம்மைப் போன்றவர்களுக்கு எட்டுமா?

மத்திய சுரங்க அமைச்சகம் கொடுப்பது. 1966-இல் ஏற்படுத்தியது, 2009 வரை தேசிய கனிம விருது என்று பெயர். வாழ்நாள் சாதனைக்கு ஒன்று, கனிமத் தேடல், சுரங்கத் தொழில்நுட்பம், அடிப்படை ஆராய்ச்சி போன்ற பிரிவுகளுக்குச் சில, 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இளம் விஞ்ஞானி விருது ஒன்று. குழுவாகச் செய்த வேலைக்குக் குழுவுக்கே கொடுப்பார்கள்.

எட்டுமா என்று கேட்டாய் இல்லையா, அதற்கு ஒரு உதாரணம். 2022-க்கான இளம் விஞ்ஞானி விருது காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் அமிய குமார் சாமலுக்குக் கிடைத்தது. குடியரசுத் தலைவர் கையால் வாங்கினார். அவர் வேலை எதைப் பற்றி? ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்துச் சிங்பூம் பகுதியிலும், கர்நாடகா, ஆந்திரா பக்கத்துக் கிழக்குத் தார்வார் பகுதியிலும் இருக்கிற டைக் பாறைகளைப் பற்றி. டைக் என்றால் பழைய பாறையில் விழுந்த விரிசலுக்குள் கீழேயிருந்து உருகிய பாறைக் குழம்பு ஏறி, சுவர் மாதிரி உறைந்து நிற்பது. நம் ஊர் குவாரிக்காரர்கள் 'பிளாக் கிரானைட்' என்று அறுத்து அனுப்புவது பெரும்பாலும் இந்தக் கல்தான். உண்மையில் அது கிரானைட்டே இல்லை, டோலரைட். உன் வீட்டுச் சமையல் மேடையில்கூட அது இருக்கலாம். நாம் மேலே தோசைக்கல்லை வைக்கிற கல்லை வைத்து இன்னொருவர் டெல்லிக்குப் போய் விருது வாங்கி வருகிறார்!

கேள்வி (ஊத்தங்கரை): சரி, டைக் இருக்கட்டும். அதைத் தாண்டி ஆராய்ச்சி செய்கிற அளவுக்கு நம் மாவட்டங்களில் என்ன இருக்கிறது? மாங்காயும் கல்லும்தானே?

ஊத்தங்கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்களுக்கு அருகிலேயே சாமல்பட்டி. அங்கே வெளிறிய ஒரு கல் கிடைக்கும், பார்த்தால் சுண்ணாம்புக்கல் என்றுதான் சொல்வீர்கள். நான் முதல்முறை போனபோது பையிலிருந்து சின்ன சொட்டு பாட்டிலை எடுத்து நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டேன். சுர்ரென்று நுரை கிளம்பியது. கூட வந்த பெரியவர், "சோடா மாதிரி பொங்குதே" என்றார். சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான் பொங்கும். ஆனால் சுண்ணாம்புக்கல் பொதுவாகக் கடலடியில் படிவது. இது பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி வந்தது. பெயர் கார்பனடைட். இன்றைக்கு உலகத்தில் இந்தக் குழம்பைக் கக்குகிற எரிமலை தான்சானியாவில் ஒன்றே ஒன்றுதான். அரிய மண் தனிமங்களுக்கு (செல்போன் மாதிரிப் பொருட்களில் பயன்படுகிற உலோகங்கள்) பேர்போன கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கமும் கார்பனடைட்டில்தான் இருக்கிறது. அதனால் சாமல்பட்டியில் புதையல் என்று கிளம்பிவிடாதீர்கள். இந்த வகைக் கல்லை ஏன் விடாமல் படிக்கிறார்கள் என்பதற்குத்தான் சொன்னேன்.

ஒகேனக்கல்லிலும் கார்பனடைட் உண்டு. அது இன்னும் பழையது, சுமார் 240 கோடி வருஷம். நாம் அங்கே போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

இன்னொன்று. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி தருமபுரி தாண்டி சேலம் வரை போகும்போது ஜன்னல் வழியே பாறையைப் பாருங்கள். வடக்கே வரி வரியான சாம்பல் நிறத்தில் 'நைஸ்' என்ற பாறை. தெற்கே போகப் போகப் பச்சை கலந்த கருமையில் சார்னோகைட். தெற்கே இருப்பவை பூமிக்குள் இன்னும் ஆழத்தில் சமைந்து, பிறகு மேலே வந்தவை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பூமிக்குள் பல கிலோமீட்டர் இறங்குகிற மாதிரி. இந்த மாற்றத்தைப் பார்க்கவே வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இங்கே வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

கேள்வி (ஓசூர்): பட்நாகர் விருது இப்போதும் உண்டா?

உண்டு. இளம் விஞ்ஞானிகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற விருது அது. 2024 முதல் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்காரின் (தேசிய அறிவியல் விருது) கீழ் 'விஞ்ஞான் யுவா' என்ற பெயரில் வருகிறது. 45 வயது வரை. புவி அறிவியலும் அதில் சேர்த்தி.

கேள்வி (அரூர், ஆராய்ச்சி மாணவர்): 'சிறந்த இளம் ஆராய்ச்சியாளர் விருதுக்கு நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள், பதிவுக் கட்டணம் 4,500 ரூபாய்' என்று மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். விருது கொடுப்பவர் உங்களிடம் காசு கேட்டால் அது விருது இல்லை, வியாபாரம். விண்ணப்பிக்காமலே தேர்வாகிவிட்டீர்கள் என்பதிலேயே விஷயம் தெரிகிறதே.

இதை நான் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம், நானே ஏமாந்தவன். பல வருஷத்துக்கு முன் ஒரு அமைப்பு இப்படி எழுதியது. பணம் கட்டினேன், கோட் தைத்தேன், போனேன். மண்டபத்தில் என்னோடு எழுபது எண்பது பேர், எல்லோருக்கும் அதே 'சிறந்த விஞ்ஞானி' கேடயம். என் பெயரில் ஒரு எழுத்து வேறு தப்பு. அந்தக் கேடயம் இப்போது எங்கள் வீட்டு மாடிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்கிறது. நல்ல கனம், அந்த வேலைக்குப் பொருத்தம்தான்.

ஒரு விருது உண்மையா என்று பார்க்க எளிய வழி: முந்தைய ஐந்து வருஷம் யார் வாங்கினார்கள், எந்த வேலைக்காக வாங்கினார்கள் என்று தேடுங்கள். நல்ல விருதுக்கு அந்த வேலை ஒரு வரியில் தெளிவாக எழுதியிருக்கும். அந்த வரி இல்லாமல் 'கல்விச் சேவைக்காக' என்று மொட்டையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை, குவாரியில் வேலை செய்பவர்): இருபது வருஷமாகக் கல் உடைக்கிறேன். எந்தக் கல் எப்படிப் பிளக்கும் என்று கையால் தொட்டே சொல்வேன். எங்களுக்கெல்லாம் விருது இருக்கிறதா அண்ணே?

உங்கள் பெயருக்கென்று ஒரு விருது இருப்பதாக நான் சொல்ல முடியாது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முதலில் சொன்ன வொலாஸ்டன் பதக்கத்தை முதன்முதலில் வாங்கியவர் யார் தெரியுமா? வில்லியம் ஸ்மித், ஒரு கொல்லரின் மகன். கல்லூரிப் பக்கம் போனதில்லை. கால்வாய் வெட்டுகிற இடங்களில் நில அளவை பார்த்தவர். வெட்டிய மண்ணில் எந்த அடுக்கில் எந்தக் கிளிஞ்சல் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்து, 1815-இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தைத் தனியாளாக வரைந்து முடித்தார். நாலு வருஷத்தில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். படித்தவர்களின் சங்கம் அவரைக் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்தது 1831-இல்.

அவர் செய்தது குறித்து வைத்ததுதான். அடுத்த முறை கல்லைக் கட்டியாக அறுக்கும்போது நிறம் மாறின கோடோ, மினுங்குகிற தாதுவோ வந்தால், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து செல்போனில் படம் எடுங்கள். தேதி, எத்தனை அடி ஆழம், குவாரியின் எந்தப் பக்கம், மூன்றையும் எழுதுங்கள். கைப்பிடி அளவு துண்டு ஒன்றைப் பேப்பரில் சுற்றி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன், எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். சொட்டு பாட்டில் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.