திடலோரம் இரண்டு இரவு

மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதி உள்ள வண்டி) – வாசகர் கேள்வி பதில்

கே: பல வருடம் காத்திருந்த இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. திடலை ஒட்டியே மோட்டார்ஹோம் நிறுத்தலாம். கரண்ட் இணைப்பு மட்டும் கிடையாது. எங்கள் வண்டியில் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஏஜிஎம் பேட்டரி (மூடிய ஈய-அமில வகை) ஒன்று இருக்கிறது. இரண்டு பேர், இரண்டு இரவு. தாங்குமா?

ப: தாங்காது. முதல் நாளே இழுபறியாகிவிடும். ஏஜிஎம் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே உங்கள் கையில் இருப்பது 100 அல்ல, 50.

ஒரு நாள் செலவைப் பாருங்கள். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். வெயில் நாளில் விட்டுவிட்டு மொத்தம் 9 மணி நேரம் ஓடினால் அதுவே 36 ஏஎச். மின்விசிறி 8 மணி நேரத்துக்கு 12, விளக்குகள் 4, இரண்டு போன்கள் 3, தண்ணீர் பம்ப் 1. ஆக 56. விளக்கை அணைத்து அணைத்து மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. தின்பது ஃபிரிட்ஜ், விளக்கு அல்ல.

அதனால் கை வைக்க வேண்டிய இடமும் அதுதான். கிளம்புவதற்கு முந்தைய நாளே வீட்டு கரண்டில் ஃபிரிட்ஜை ஓடவிட்டுக் குளிர வையுங்கள். உள்ளே வைப்பதெல்லாம் ஏற்கெனவே குளிர்ந்ததாக இருக்கட்டும். உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள் நாலைந்து இருந்தால், இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டே தூங்கலாம். 100 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு 25–30 ஏஎச் தரும். மேகம் மூடினால் 10கூடத் தேறாது. இவை இரண்டும் சேர்ந்தால் இரண்டு இரவை ஓட்டிவிடலாம்.

நின்ற இடத்தில் என்ஜினை ஓட்டிச் சார்ஜ் ஏற்றுவதை நாங்கள் சொல்ல மாட்டோம். டீசல் வீண், பக்கத்து வண்டிக்காரர் தூக்கமும் போகும். லித்தியம் பேட்டரிக்கு மாறுவதாக இருந்தால் (100இல் 80–90 வரை எடுக்கலாம்) சார்ஜரையும் சேர்த்து மாற்றுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது.

அளப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். எல்லாவற்றையும் அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏஜிஎம்மில் சுமார் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியத்தில் வோல்ட் மீட்டரை நம்ப வேண்டாம். முக்கால்வாசி இருந்தாலும் பாதி இருந்தாலும் 13.2 அளவில்தான் காட்டும். அதற்கு ஷண்ட் (பேட்டரிக்குள் போய்வரும் மின்னோட்டத்தை அளக்கும் பாகம்) வைத்த மானிட்டர் வேண்டும்.

கே: எங்களுடையது கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். வீட்டு வாசலில் நன்றாகக் குளிர்கிறது, திடலில் குளிர்வதில்லை. ஏன்?

ப: வண்டி சாய்ந்து நிற்கிறது. அந்த ஃபிரிட்ஜில் அம்மோனியாக் கரைசல் தானாக வழிந்து சுற்றி வர வேண்டும். மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்தால் தேங்கிவிடும். ஃபிரிட்ஜ் அருகே தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சாய்வுக் கட்டையில் ஏற்றுங்கள்.

கே: நிறுத்துமிடம் புல்தரை. இரவில் மழை பெய்தால் மாட்டிக்கொள்வோமா?

ப: முன்சக்கர இழுவை வண்டி என்றால் வாய்ப்பு அதிகம். பாரம் பெரும்பாலும் பின்னால் இருக்கிறது. மேடேறும்போது முன்சக்கரம் இன்னும் லேசாகிவிடும். எனவே வந்து சேர்ந்த அன்றே, ஈரம் இல்லாதபோதே, வெளியேறும் வழி இறக்கமாக இருக்கும்படி முகத்தைத் திருப்பி நிறுத்துங்கள். திடலில் குழாய் உண்டு என்று உறுதியானால் தொட்டியில் 30 லிட்டரோடு கிளம்பினால் போதும். 100 லிட்டர் என்பது 100 கிலோ. மாட்டிக்கொண்ட பிறகு பாரம் குறைக்கிறேன் என்று நின்ற இடத்திலேயே தண்ணீரைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. சேறு இன்னும் குழைவதுதான் மிச்சம்.

சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுங்கள். சுழலச் சுழலப் பள்ளம்தான் ஆழமாகும். இழுவைச் சக்கரத்துக்கு முன்னால் பிடிமானப் பாயை நன்றாகச் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்துங்கள். பாய் பின்னால் வேகமாக எகிறும். அங்கே யாரும் நிற்கக் கூடாது. இழுத்துச் செல்லும் கொக்கி எங்கே இருக்கிறது, எங்கே திருக வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். பல வண்டிகளில் அது இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும்.

கே: எல்லாக் குழாயும் மூடியிருக்க, நடு இரவில் தண்ணீர் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்கிறது. அரை மணியில் மறுபடியும். பம்ப் பழுதா?

ப: எங்கோ அழுத்தம் இறங்குகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ காகிதம் வைத்துப் பாருங்கள். நனைந்த இடத்தில் கசிவு. எல்லாம் காய்ந்தே இருந்தால் பம்ப்பின் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வில் தூசி மாட்டி, தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது என்று பொருள். வடிகட்டியைக் கழுவி, வால்வையும் சுத்தம் செய்யுங்கள். எப்படியிருந்தாலும் நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். ஆளில்லாத நேரத்தில் ஒரு இணைப்பு கழன்றால், தொட்டித் தண்ணீர் மொத்தமும் தரையில்.

கே: மேடை நாளன்று காலையில் கிளம்பினால் போதாதா? வரைபடம் ஆறு மணி நேரம் என்கிறது.

ப: அது கார் கணக்கு. உங்களுக்கு எட்டு. முந்தைய நாளே போய்விடுங்கள். வழியில் தாழ்வான பாலம் வரலாம்; கூரை ஏசியையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து ஸ்டீயரிங் அருகே ஒட்டி வையுங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. அதிகம் ஓடாத வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே வெடிப்பு விடும்.

கே: மேடைக்கு அருகில் இடம். காதுக்கு ஏதாவது வேண்டுமா?

ப: கட்டாயம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் (பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) பரிந்துரைக்கும் வரம்பு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100க்கு வரும்போது 15 நிமிடம்தான். பஞ்சு வைத்தால் பெரிதாகக் குறையாது. இருக்கும் பாட்டும் மங்கலாகும். இசைக் கலைஞர்கள் வைக்கும் வடிகட்டி உள்ள காதடைப்பான் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.