விட்டுப்போன தேதிகள்: டேட்டாபேஸ் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பால் சொசைட்டியில் தினமும் வந்த லிட்டர் கணக்கை ஒரு டேபிளில் ஏற்றுகிறோம். நடுவில் சில நாட்கள் விட்டுப்போய்விட்டன. எந்தெந்தத் தேதி இல்லை என்று எடுக்க என்ன குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதுவது?

அந்த டேபிளிடம் மட்டும் கேட்டால் பதில் வராது. தன்னிடம் இருக்கும் வரிகளைத்தான் அது காட்டும். வகுப்பில் யார் வரவில்லை என்று ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பதிவேட்டில் பெயர் வாசித்து. உங்களுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். 'காலண்டர்' என்று ஒரு டேபிள் போட்டு, நாளுக்கு ஒரு வரியாகத் தேதிகளை நிரப்பிவிடுங்கள். 2020 ஜனவரி 1 முதல் 2040 டிசம்பர் 31 வரை போட்டாலும் 7,671 வரிதான்.

பிறகு காலண்டரை இடப்பக்கம் வைத்து, பால் டேபிளைத் தேதி வாரியாக லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN: இடப்பக்கத்து வரிகள் எல்லாம் நிற்கும், ஜோடி இல்லாத இடம் காலியாக இருக்கும்) செய்து, பால் பக்கத்துத் தேதி 'நல்' (NULL, மதிப்பே இல்லாத காலி) ஆக இருக்கும் வரிகளை மட்டும் எடுங்கள். விட்டுப்போன நாட்கள் அவைதான்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பால் டேபிளில் பல நிலையங்களின் கணக்கு இருந்து, நான்காம் நிலையத்துக்கு மட்டும் பார்க்க வேண்டுமென்றால், அந்த நிபந்தனையை வரிகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் போடாதீர்கள். பால் பக்கம் காலியாக இருக்கும் வரியில் நிலைய எண்ணும் காலிதானே! அந்த வரி வடிகட்டப்பட்டு, 'எதுவும் விடுபடவில்லை' என்று குவெரி பொய் சொல்லும். இரண்டு டேபிளையும் எப்படிப் பொருத்துவது என்று சொல்லும், ஜாயினின் 'ஆன்' (ON) பகுதியில் போடுங்கள். 'மார்ச் மாதம் மட்டும்' என்பதையோ காலண்டர் தேதியின் மேல் வையுங்கள்.

கேள்வி: புதிய டேபிள் உருவாக்க எனக்கு அனுமதி இல்லை. வேறு வழி?

உங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்றால் கவலையே இல்லை. அதன் 'ஜெனரேட் சீரீஸ்' (generate_series) ஃபங்ஷன் ஒரே வரியில் தேதிகளைக் கொட்டிவிடும். மைஎஸ்கியூஎல் என்றால் 8.0 முதல் ரிகர்சிவ் குவெரி (தன்னையே திரும்பத் திரும்ப ஓட்டி, சுற்றுக்கு ஒரு தேதியாக உருவாக்குவது) எழுதலாம். ஆனால் வரம்பை மாற்றாமல் விட்டால் அது 1,000 சுற்றோடு பிழை காட்டி நின்றுவிடும். மூன்று வருடக் கணக்கே அதில் அடங்காது. எஸ்கியூஎல் சர்வரில் வரம்பு இன்னும் குறைவு, 100. இரண்டிலும் வரம்பைக் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: 'பால் டேபிளில் இல்லாத காலண்டர் தேதிகள்' என்று 'நாட் இன்' (NOT IN) போட்டுப் பார்த்தேன். ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் தேதிகள் விடுபட்டிருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

உங்கள் டேபிளில் எங்கோ ஒரு வரியில் தேதி 'நல்' ஆக இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் போதும், 'நாட் இன்' மொத்தமாகக் கைவிரித்துவிடும். அதற்குப் பதிலாக 'நாட் எக்சிஸ்ட்ஸ்' (NOT EXISTS) எழுதுங்கள்.

கேள்வி: மழைமானி அளவு தினமும் பதிகிறோம். விடுபட்ட நாட்களுக்கு 0 போட்டு நிரப்பிவிடலாமா?

கூடவே கூடாது. மழை இல்லாத நாள் வேறு, அளக்காத நாள் வேறு. இந்திய வானிலை ஆய்வு மையக் கணக்கில் காலை 8:30 மணிக்கு எடுக்கும் அளவு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்கானது. மழையே பெய்யாவிட்டாலும் 0 என்று எழுதியாக வேண்டும். தேதியே இல்லையென்றால் அன்று யாரும் மானியைப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு வில்லங்கம். சனி, ஞாயிறு ஆள் வரவில்லை. திங்கள் காலை 86 மில்லிமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது என்று வையுங்கள். அது மூன்று நாள் தண்ணீர். இரண்டு நாளுக்கு 0 நிரப்பினால், பெய்யாத ஒரு கனமழை உங்கள் கணக்கில் உருவாகிவிடும். விடுபட்ட நாளை 'நல்' ஆகவே விடுங்கள். அடுத்து வரும் அளவுக்குப் பக்கத்தில் 'மூன்று நாள் சேர்த்து' என்று ஒரு குறிப்பும் இருக்கட்டும்.

கேள்வி: ஒவ்வொரு தேதியாக வேண்டாம். 'இதிலிருந்து இதுவரை இல்லை' என்று மட்டும் போதும்.

வரிகளைத் தேதி வரிசையில் வைத்து, 'லீட்' (LEAD) ஃபங்ஷனால் அடுத்த வரியின் தேதியைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். வித்தியாசம் 1-க்கு மேல் போனால் அங்கே ஓட்டை. மார்ச் 4-க்கு அடுத்து மார்ச் 9 என்றால், 5 முதல் 8 வரை இல்லை. கடைசிப் பதிவுக்குப் பிறகு இன்றுவரை விட்டுப்போனதை இது காட்டாது. அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேப்பர் ஏஜென்சி வைத்திருக்கிறோம். கட்டு வந்ததும் என்ட்ரி போடுகிறோம், ஒரு நாளும் தவறியதில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டில் சில நாட்கள் காணவில்லை!

சர்வர் நேரத்தைப் பாருங்கள். அது யுடிசி-யில் (UTC, உலகப் பொது நேரம்) ஓடினால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். 10-ஆம் தேதி காலை 6:10-க்குப் போட்ட என்ட்ரி அங்கே 10-ஆம் தேதி 00:40. 11-ஆம் தேதி கட்டு சீக்கிரம் வந்து 5:05-க்குப் போட்டிருந்தால், அங்கே அது இன்னும் 10-ஆம் தேதி இரவு 23:35. ஆக 10-இல் இரண்டு பதிவு, 11 காலி. விடுபட்ட நாளுக்கு முந்தைய நாளில் இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதுதான் காரணம். நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு தேதியைப் பிரித்தெடுங்கள்.

கேள்வி: எக்செலில் ஏற்றினால் ஒவ்வொரு மாதமும் 13-ஆம் தேதி முதல் எதுவுமே இல்லை என்கிறது.

உங்கள் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் படிக்கிறது. 12 வரையுள்ள நாட்களை மாதமாக எடுத்துக்கொள்ளும். 13-ஆவது மாதம் கிடையாதே, அதனால் மற்றவை வெறும் எழுத்தாக நின்றுவிடுகின்றன. அதாவது, வந்துவிட்டதாகத் தெரியும் முதல் 12 நாட்களும், நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவை தவிர, தப்பு. ஃபைலை இறக்கும்போதே நாள்-மாதம்-ஆண்டு என்று வரிசையைச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.