பளிங்குச் சிற்பி யாகோ: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இத்தாலியின் இன்றைய பளிங்குச் சிற்பிகளில் யாகோவைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையக் கேள்விகள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: யாகோ என்பது அவருடைய சொந்தப் பெயரா? எங்கே படித்தார்?

இயற்பெயர் யாகோபோ கர்தில்லோ. ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள ஃப்ரோசினோனே ஊரில் 1987-இல் பிறந்தவர். அங்கேயே நுண்கலைக் கல்லூரியில் சேர்ந்தார், முடிக்காமல் 2010-இல் வெளியே வந்துவிட்டார். தொடக்க காலத்தில், பளிங்குக்குப் பெயர்போன கராரா ஊரை ஒட்டிய அபுவான் மலையடிவார ஆற்றுப்படுகையில் கிடந்த பளிங்குக் கற்களைப் பொறுக்கி வந்து செதுக்கினார். நல்ல சிற்பப் பளிங்கு எடைக்கு எடை காசு. ஒரு கன மீட்டர் கல்லே 2.7 டன் வரும். இளம் சிற்பிக்கு முதல் தடை கல்லின் விலைதான்.

கேள்வி: போப்பாண்டவர் சிலையின் உடையை உரித்துவிட்டார் என்கிறார்களே, அண்ணா? செதுக்கி முடித்த சிலையை மறுபடி மாற்ற முடியுமா?

முடியும், ஒரே திசையில் மட்டும். கல்லிலிருந்து எடுக்கலாம், கல்லோடு சேர்க்க முடியாது.

2009-இல், தமக்கு 22 வயதாக இருந்தபோது, போப் பதினாறாம் பெனடிக்டின் மார்பளவுச் சிலையை யாகோ செய்தார். 2011 வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக்கண்காட்சியில், கலை விமர்சகர் விட்டோரியோ ஸ்கார்பி பொறுப்பேற்ற இத்தாலிய அரங்கில் அது இடம்பெற்றது. வத்திக்கானின் பதக்கமும் கிடைத்தது. 2013 பிப்ரவரியில் பெனடிக்ட் பதவி விலகினார். யாகோ மறுபடி உளியை எடுத்து, திருவுடைகளைச் செதுக்கி நீக்கி, உள்ளிருந்து ஒரு முதியவரின் வெற்று மார்பையும் தோளையும் வெளியே கொண்டுவந்தார். ‘ஹபேமுஸ் ஹோமினெம்’ (லத்தீனில் ‘நமக்கு ஒரு மனிதர் கிடைத்தார்’) என்ற பெயரோடு அது 2016-ஆம் ஆண்டுப் படைப்பாகக் கணக்கில் வருகிறது.

உடை உடம்பைவிடப் பருமனானது. அந்த மடிப்புகளின் கனத்துக்குள் ஓர் உடம்பைக் கண்டெடுக்கப் போதுமான கல் மிச்சம் இருந்தது. முதலில் வெற்றுடம்பைச் செதுக்கிவிட்டுப் பிறகு உடை போட நினைத்திருந்தால் நடந்திருக்காது. விருது வாங்கித் தந்த சிலையைத் தானே அழிக்கத் துணிந்ததுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் பெரிய திருப்பம். ஒரு தவறான அடி விழுந்திருந்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

கேள்வி: கல்லில் மெல்லிய துணியை எப்படிச் செதுக்குகிறார்கள்? உள்ளே முகம் தெரிகிறதே! ஏதாவது ரசாயனமா?

ரசாயனக் கதைக்கு வயது அதிகம். நேப்பிள்ஸில் சான்செவேரோ சிற்றாலயத்தில் ஜுசெப்பே சன்மார்த்தீனோ 1753-இல் செய்த ‘முக்காடிட்ட கிறிஸ்து’ இருக்கிறது. அதைச் செய்வித்த இளவரசர் ரைமொந்தோ தி சாங்ரோ ரசவாதி என்று பெயர் பெற்றவர். நிஜத் துணியைப் போர்த்தி அதைக் கல்லாக்கிவிட்டார் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். உண்மையில் உடலும் துணியும் ஒரே கல். யாகோவின் ‘முக்காடிட்ட மகன்’ (2019) அந்தச் சிலைக்கு இந்தக் காலத்தின் பதில்.

செதுக்குமுறைக்கு வருகிறேன். துணி ஓர் அடுக்கு, முகம் இன்னோர் அடுக்கு என்று நாம் பார்க்கிறோம். கல்லில் இருப்பது ஒரே மேற்பரப்பு. நெற்றி, மூக்கு நுனி, முழங்கால் போல எலும்பு புடைத்த இடங்களில் ஈரத்துணி ஒட்டிக்கொள்ளும். அங்கே சிற்பி மடிப்பே வைக்காமல் உடலின் வடிவத்தை அப்படியே விடுகிறார். கண்குழி, கழுத்துப் பள்ளம், விரல்களின் இடைவெளி ஆகிய இடங்களில் துணி தொங்கும், சுருங்கும். அங்கே மயிரிழை போன்ற வரப்புகளை எழுப்பி, அவற்றின் பக்கவாட்டை உள்நோக்கிக் குடைந்து நிழலை வரவழைக்கிறார். அந்த வரப்பு உடலின் மேடு பள்ளத்தின் மீது அறுபடாமல் ஏறி இறங்கினால், மீதியை நம் கண்ணே நிரப்பிக்கொள்கிறது.

இன்னொரு பாதி வேலையைக் கல்லே செய்கிறது. பளிங்கின் கால்சைட் படிகங்கள் ஒளியை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்புவதில்லை. சற்று உள்ளே போகவிட்டுச் சிதறடித்து வெளியே விடுகின்றன. மனிதத் தோலும் ஒளியை அப்படித்தான் வாங்குகிறது. கருங்கல்லில் இந்தக் குணம் இல்லை. பளிங்கு அதைவிட மென்மையும்கூட: கால்சைட்டின் கடினம், தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில், 3; கருங்கல்லின் தாதுக்கள் 6, 7. அதனால் மெல்லிய விளிம்புகளை அரத்தால் தேய்த்தே எடுக்கலாம். உடைவதும் அதே அளவுக்குச் சுலபம்.

கேள்வி: இப்போது ரோபோ கைகள் செதுக்குகின்றனவாமே. யாகோவும் அப்படித்தானா?

கராராவில் ரோபோ கைகள் இருப்பது உண்மை. மாதிரியை ஸ்கேன் செய்து கொடுத்தால் இரவும் பகலும் கல்லைக் குடைந்து சிலையின் கிட்டத்தட்ட முழு வடிவத்தையும் தந்துவிடும். பெயர் பெற்ற பல கலைஞர்களின் பளிங்குகள் அப்படித்தான் பிறக்கின்றன. யாகோ தம் கையுழைப்பைப் பல வருடங்களாக வீடியோவில் காட்டிவருபவர். களிமண்ணில் மாதிரி, பிளாஸ்டர் வார்ப்பு, பிறகு கல் என்ற பழைய வரிசைதான். வைர டிஸ்க் போட்ட கிரைண்டரும் காற்றழுத்தச் சுத்தியலும் பயன்படுத்துகிறார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

‘அந்தக் காலத்தில் எல்லாம் கையால்’ என்று ஏங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெரும் இத்தாலியச் சிற்பி கனோவா, கல்லை உதவியாளர்களிடம்தான் முதலில் கொடுத்தார். பிளாஸ்டர் மாதிரியில் சிறு உலோகப் புள்ளிகளைப் பதித்து, ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அளந்து கல்லுக்கு மாற்றினார்கள். அவர் பிறந்த ஊரான போசாக்ஞோவின் அருங்காட்சியகத்தில் அந்தப் பிளாஸ்டர்களைப் பார்த்தால் புள்ளிகள் இன்றும் தெரியும். கடைசித் தோலை மட்டும் கனோவா தம் கையால் எடுத்தார். கடைசி மில்லிமீட்டரில் யார் முடிவெடுக்கிறார் என்றுதான் நான் பார்ப்பேன். வடிவம் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு மனிதர் அங்கே தீர்மானித்தாக வேண்டும்.

கேள்வி: மன்னிக்கவும், எனக்கு இவர் பழைய மேதைகளை நகலெடுப்பவராகவே தோன்றுகிறது.

நியாயமான சந்தேகம். ‘புதிய மைக்கலாஞ்சலோ’ என்று பத்திரிகைகள் எழுதுவது அவருக்கு நல்லது செய்யவில்லை. ஆனாலும் ‘முக்காடிட்ட மகன்’ நகல் இல்லை. சன்மார்த்தீனோவின் துணிக்கடியில் கிடப்பவர் உயிர்த்தெழப் போகிறவர், பார்ப்பவருக்கு அந்த ஆறுதல் உண்டு. யாகோவின் துணிக்கடியில் கிடப்பது பெயரற்ற ஒரு குழந்தை. போரிலோ கடலிலோ பசியிலோ செத்த எந்தக் குழந்தையாகவும் இருக்கலாம். எந்த ஆறுதலும் அங்கே தரப்படவில்லை.

2021-இல் ரோமின் போப்பொலோ சதுக்கத்துச் சாந்தா மரியா இன் மொந்தேசாந்தோ ஆலயத்தில் வைக்கப்பட்ட ‘பியத்தா’ அந்த உயரத்துக்கு வரவில்லை என்பது என் கருத்து. பியத்தா என்றால் இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் உருவம். இதில் தாயின் இடத்தில் ஒரு தந்தை, மடியில் உயிரற்ற மகன். எண்ணம் நல்லது. ஆனால் தந்தையின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, நமக்கு மிச்சம் வைக்கவில்லை. ‘வீனஸ்’ (2018) எனக்குப் பிடிக்கும். அழகின் தெய்வத்தை முடியுதிர்ந்த, தோல் தளர்ந்த கிழவியாகச் செய்திருக்கிறார். அந்தத் தளர்ந்த தோலில் காட்டியிருக்கும் கவனம் பெரிய மரியாதை.

கேள்வி: விண்வெளிக்குச் சிலை அனுப்பினாரா?

ஆம். கருவிலிருக்கும் குழந்தையின் சிறிய பளிங்கு உருவம், ‘தி ஃபர்ஸ்ட் பேபி’. 2019-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. இத்தாலிய வீரர் லூகா பர்மித்தானோ 2020 பிப்ரவரியில் திரும்பியபோது அதுவும் வந்துசேர்ந்தது.

கேள்வி: கேலரிகள் இல்லாமல் எப்படிப் பிழைத்தார்? நியூயார்க்கில் இருந்தவர் நேப்பிள்ஸின் ஏழைப் பேட்டைக்கு ஏன் வந்தார்?

வழக்கமான பாதை கேலரி, சேகரிப்பாளர், ஏலம். யாகோ வேலை நடக்கும்போதே அதை இணையத்தில் மக்களுக்குக் காட்டினார். சிலை முடியும் முன்பே அதற்காகக் காத்திருக்கும் கூட்டம் உருவாகிவிட்டது. ‘முக்காடிட்ட மகன்’ நியூயார்க்கில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து டான்பி பளிங்கில் செதுக்கப்பட்டது. நினைத்திருந்தால் அதை அவர் விற்றிருக்க முடியும். நேப்பிள்ஸின் ரியோனே சனித்தா பேட்டையில் சான் செவேரோ ஃபுவோரி லே முரா ஆலயத்துக்கு அது வந்தது.

வறுமைக்கும் குற்றத்துக்கும் பெயர்போன பேட்டை அது. அங்கே பங்குத்தந்தை அந்தோனியோ லொஃப்ரேதோவின் துணையோடு உள்ளூர் இளைஞர்கள் ‘லா பரான்சா’ என்ற கூட்டுறவு அமைத்து, சான் ஜென்னாரோ நிலத்தடிக் கல்லறைகளைச் சீர்செய்து மக்களுக்குத் திறந்தார்கள். அந்தச் சூழலில்தான் யாகோ பட்டறை போட்டார். மூடிக் கிடந்த சாந்தாஸ்ப்ரேனோ ஆய் க்ரோச்சிஃபெரி ஆலயம் முதலில் பட்டறையாகி, 2023-இல் யாகோ அருங்காட்சியகமாகத் திறந்தது. 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவே, பிளெபிஷீத்தோ சதுக்கத்தில் ‘லுக் டவுன்’ வைத்தார். சங்கிலியிட்ட ஒரு குழந்தை வெறுந்தரையில் சுருண்டு கிடக்கிறது. கடந்துபோகிறவர் குனிந்து பார்க்க வேண்டும். இப்படி மக்கள் நடமாடும் இடத்தில் கல்லை வைப்பதுதான் அவருடைய தொழில்வாழ்வின் முதுகெலும்பு என்று நினைக்கிறேன்.

கேள்வி: பளிங்கில் பச்சை குத்துகிறவரும் இவர்தானா?

அவர் ஃபாபியோ வியாலே. 1975-இல் கூனேயோவில் பிறந்தவர். பழைய செவ்வியல் சிலைகளைப் பளிங்கில் மறுபடி செதுக்கி, அவற்றின் மேல் சிறைக்கைதிகளின் பச்சைக் குத்தல்களைப் போல வண்ணம் ஏற்றுகிறார். பளிங்கில் நுண்துளைகள் உண்டு, அதனால் நிறம் உள்ளே இறங்கும். மிதக்கும் பளிங்குப் படகும் செய்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம்.

கேள்வி: நான் சிற்பக்கலை மாணவி, அண்ணா. பளிங்கு பழக இத்தாலியில் எங்கே போகலாம்?

கராரா நுண்கலைக் கழகம், 1769-இல் தொடங்கியது. அருகிலேயே பியத்ராசாந்தா ஊர் முழுக்கப் பட்டறைகள். கைவேலைக்காரர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் வகுப்பில் கிடைக்காதது கிடைக்கும். இப்போதே முகக்கவசம் போட்டு வேலை செய்யப் பழகிக்கொள்ளுங்கள் அம்மா. பளிங்குத் தூசியில் சிலிக்கா குறைவு, கருங்கல்லில் அதிகம். எதுவானாலும் நுரையீரலுக்கு வேண்டாதது.

கேள்வி: அண்ணை, நாங்கள் பலெர்மோவில இருக்கிறம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இதுகளைப் பார்க்கலாமோ?

தாராளமாய்ப் போங்கோ. இரவுக் கப்பலில் ஏறினால் காலையில் நாப்போலி, அதுதான் நேப்பிள்ஸ். சான்செவேரோ சிற்றாலயத்துக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யுங்கோ, உள்ளே படம் எடுக்க விடமாட்டினம். பெயரைப் பார்த்துக் குழம்பாதேங்கோ: ‘முக்காடிட்ட கிறிஸ்து’ இருப்பது பழைய நகரத்துச் சான்செவேரோவில், ‘முக்காடிட்ட மகன்’ இருப்பது சனித்தாவின் சான் செவேரோ ஆலயத்தில். முதலாவதைக் காலையில் பார்த்துவிட்டு நடந்தே சனித்தாவுக்குப் போகலாம். மேலே பாலத்தில் இருந்து பேட்டைக்கு இறங்க லிஃப்ட் இருக்கு. சின்னப் பிள்ளைகள் என்றால் அங்கே கிடப்பது செத்த குழந்தை என்று போகமுதலே சொல்லி வையுங்கோ.