வாசகர் கேள்வி – பதில்: சமையலறைக் கழிவும் மக்கிய உரமும்

கேள்வி: காய்கறித் தோலும் மீந்த சோறும் குப்பைக் கிடங்குக்குப் போனாலும் அங்கேயும் மக்கத்தானே போகின்றன? வீட்டிலேயே தொட்டி வைத்து உரமாக்குங்கள் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?
– ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: எந்த நிலையில் மக்குகின்றன என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. காற்று புகும் தொட்டியில், ஆக்சிஜனைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும் வெப்பமுமே வெளியேறி, எஞ்சுவது உரமாகிறது. கிடங்கிலோ, பிளாஸ்டிக் பைகளோடு அமுங்கிக் கிடக்கும் குவியலின் உட்பகுதிக்குக் காற்று எட்டுவதில்லை. அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கவல்ல இந்த வாயு எளிதில் தீப்பற்றவும் கூடியது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததையும், சுற்றுப்புறக் குடியிருப்புகளில் புகை சூழ்ந்ததையும் வேளச்சேரியில் வசிக்கும் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தீயாவது கண்ணுக்குத் தெரிகிறது. அழுகும் கழிவிலிருந்து கசியும் கருஞ்சாறு, உடன் கிடக்கும் பேட்டரி, காலாவதி மருந்து, பெயின்ட் டப்பா முதலியவற்றின் நச்சுகளையும் கரைத்துக்கொண்டு ஓசையின்றி நிலத்துக்குள் இறங்குகிறது. பெருங்குடிக் கிடங்கு அமைந்திருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்; தென்சென்னையின் மழைவெள்ளத்தைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அனுப்புகிற நிலம் அது. 2022இல் அது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. நம் நகரங்களில் சேரும் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடியது என்பதால், அந்தப் பாதி வீட்டு வாசலைத் தாண்டாமல் நின்றாலே இத்தகைய கிடங்குகளின் சுமை வெகுவாகக் குறையும்; ஈரம் படாத மறுபாதியும் பழைய பொருள் கடைக்குப் போகும் தகுதியைப் பெறும்.

கேள்வி: தொட்டியில் துர்நாற்றம் வீசுகிறது, புழுக்கள் நெளிகின்றன. அண்டை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நாற்றம், ஈரம் மிகுந்து காற்று குறைந்ததன் அடையாளம். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு காய்ந்த சருகைச் சேர்த்து, வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது. பச்சைக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, சருகில் கரிமம் மிகுதி; நைட்ரஜனைப்போல் 25 முதல் 30 மடங்கு கரிமம் இருக்கும்போதுதான் நுண்ணுயிர்கள் நன்கு வேலை செய்கின்றன. 1920களில் இந்தூரில் ஆங்கிலேய வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த அடுக்கு முறையின் சாரமும் இதுவே. தெருவில் கூட்டிய சருகைக் காலைதோறும் கொளுத்திப் புகையாக்கிவிட்டு, தொட்டிக்குச் சருகு இல்லை என்று நாம் வருந்துவது எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது. புழுக்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவையும் கழிவைத் தின்று சிதைப்பவையே. மேலே சருகை மூடாக்காகப் பரப்பினால் ஈக்கள் முட்டையிடுவது குறையும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்களைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பலமுறை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியும் பலர் குப்பையைப் பிரிப்பதில்லை. அவர்களை மாற்ற வழி உண்டா?
– சங்கச் செயலாளர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயமாக்கிவிட்டன, அதை அறியாதவர் இன்று குறைவு. பிரித்துக் கொடுத்த பைகள் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் பலர் அக்கறையை இழக்கிறார்கள். ஆகவே, கூட்டத்துக்கு முன்பாகவே மக்கும் குப்பைக்கு வளாகத்துக்குள்ளேயே ஒரு தொட்டி அமைத்து, அது நாற்றமின்றி இயங்குவதை நேரில் காட்டுங்கள். விளைந்த உரத்தை வீட்டுக்கு வீடு கொடுங்கள். கலந்து வரும் குப்பையைத் தூய்மைப் பணியாளர்கள் கையால்தான் பிரிக்கிறார்கள் என்பதையும், உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய நாப்கினும் அவர்கள் கைக்கே போகின்றன என்பதையும் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். புவி வெப்பமாதலைப் பற்றிய நீண்ட உரையைவிட இந்தச் செய்தியே மனங்களை விரைவாகத் தொடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: வீட்டு உரம் யூரியாவுக்கு ஈடாகுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உண்டு, மக்கிய உரத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு விழுக்காடே இருக்கும். ஆனால் மண்ணின் ஈரப்பிடிப்பையும் நுண்ணுயிர்களையும் பெருக்கும் பணியை யூரியாவால் செய்ய இயலாது. மாடித்தோட்டத் தொட்டிக் கலவையில் மூன்றில் ஒரு பங்கு போதுமானது. முழுதும் மக்காத உரத்தை இட்டால், அதை மேலும் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் இலைகள் மஞ்சளிக்கும். குவியல் இன்னும் சூடாக இருந்தால் மேலும் இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.