டேட்டாபேஸ் ஃபைலை பிரவுசரிலேயே திறந்து சார்ட் போடலாம்: கேள்வி பதில்

எஸ்க்யூலைட் ஃபைல்களை பிரவுசரில் திறந்து, குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதி, அங்கேயே சார்ட்டும் போட உதவுகிற எஸ்க்யூலைட்விஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எஸ்க்யூலைட் என்பது 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட டேட்டாபேஸ். தனியாக சர்வர் வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைலில் அடங்கிவிடும். நம் போனிலும் கணினியிலும் இருக்கிற எத்தனையோ செயலிகள் நம் விவரங்களை இந்த வடிவத்தில்தான் எழுதி வைக்கின்றன. அந்த விவரங்கள் நம்முடையவை. நாமே திறந்து படிக்க முடியும் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா, குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல் எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

தளத்தைத் திறந்து உங்கள் ஃபைலை அதன் மேல் இழுத்துப் போடுங்கள். இடது பக்கம் டேபிள்களின் பெயர்களும் அவற்றின் நெடுவரிசைகளும் தெரியும். ஏதாவது ஒரு டேபிளில் பத்து வரியை மட்டும் செலக்ட் செய்து கண்ணால் பாருங்கள். இதைச் செய்யாமல் நேராக சார்ட்டுக்குப் போகிறவர்கள்தான் அப்புறம் தவிக்கிறார்கள். செலக்ட் (எடு), வேர் (வடிகட்டு), குரூப் பை (தொகு), ஆர்டர் பை (அடுக்கு) இந்த நான்கும் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். சிஎஸ்வி ஃபைலையும் (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணை) இதேபோல் போடலாம், அது தானாக ஒரு டேபிளாக மாறிக்கொள்ளும்.

மேடம், நான் ஒரு பள்ளியில் அலுவலக உதவியாளர். மாணவர் விவரம் உள்ள ஃபைல். இணையதளத்தில் போட்டால் வெளியே போய்விடாதா?

சரியான பயம், இதைக் கேட்காமல் யாரும் ஃபைலைப் போடக்கூடாது. எஸ்க்யூலைட்விஸில் ஃபைல் எங்கும் அனுப்பப்படுவதில்லை. எஸ்க்யூலைட் எஞ்சினையே வெப்அசெம்பிளி என்ற, பிரவுசருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி பிரவுசருக்குள் ஓட்டுகிறார்கள், உங்கள் ஃபைல் உங்கள் கணினியின் நினைவகத்தில் மட்டும் ஏறுகிறது. நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பக்கம் முழுவதும் வந்த பிறகு வைஃபையை அணைத்துவிட்டு ஃபைலைப் போடுங்கள். குவெரியும் ஓடும், சார்ட்டும் வரும். ஆனால் பிரவுசரில் ஓடும் எல்லாக் கருவியும் இப்படி இல்லை. சில தளங்கள் ஃபைலைத் தங்கள் சர்வருக்கு ஏற்றிக்கொண்டுதான் காட்டும். வைஃபை இல்லாமல் ஓடாத தளத்தில் மாணவர் விவரத்தைப் போடாதீர்கள்.

கேலிபர் என்ற மின்னூல் நூலகச் செயலியில் நிறைய மின்னூல் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த ஆண்டில் வெளிவந்த நூல்கள் எத்தனை என்று சார்ட் போட்டால், 101ஆம் ஆண்டில் பெரிய தூண் ஒன்று நிற்கிறது! அப்புறம் எழுத்தாளர், குறிச்சொல் இரண்டையும் சேர்த்து எண்ணினால் என்னிடம் இருப்பதை விட அதிக நூல் காட்டுகிறது.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கேலிபர் நூலக ஃபோல்டரில் இருக்கிற மெட்டாடேட்டா டிபி என்பது அசல் எஸ்க்யூலைட் ஃபைல், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஃபைல் கிடைக்காது. வெளியீட்டுத் தேதி கொடுக்காத நூலுக்கு கேலிபர் 0101 ஜனவரி 1 என்று எழுதி வைக்கிறது. நீங்கள் பார்த்த தூண் அதுதான். தேதி நெடுவரிசையின் முதல் நான்கு எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆண்டாக்கி, 0101 வருகிற வரிகளை வேர் பகுதியில் தள்ளிவிடுங்கள். தள்ளிய நூல்கள் எத்தனை என்பதையும் தனியாக எண்ணிச் சார்ட்டின் அடியில் எழுதுங்கள். பாதி நூலகத்துக்குத் தேதியே இல்லை என்றால், மீதிப் பாதியின் சார்ட்டை வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது.

இரண்டாவது சிக்கல் ஜாயினில், அதாவது டேபிள்களை இணைப்பதில் இருக்கிறது. ஒரு நூலுக்கு இரண்டு எழுத்தாளர், மூன்று குறிச்சொல் என்று வையுங்கள். நூல் டேபிளோடு இரண்டையும் ஒரே குவெரியில் இணைத்தால் அந்த ஒரு நூல் ஆறு வரியாகிவிடும். எண்ணும்போது வரிகளை எண்ணாமல், கவுன்ட்டுக்குள் டிஸ்டிங்க்ட் போட்டு நூலின் ஐடியை எண்ணுங்கள். அதற்கும் மேலாக, எழுத்தாளர் கணக்கையும் குறிச்சொல் கணக்கையும் தனித்தனி குவெரியாக எழுதுவதுதான் என் பழக்கம்.

இன்னொன்று. மெட்டா என்று ஒரு வியூ (டேபிள் போலத் தெரியும், சேமித்து வைத்த குவெரி) இருக்கும். அதைத் திறந்தால் ஃபங்ஷன் இல்லை என்று பிழை வரும். கேலிபர் தனக்கென்று எழுதிக்கொண்ட ஃபங்ஷன்களை அது கூப்பிடுகிறது, வெளிக்கருவிக்கு அவை தெரியாது. அடிப்படை டேபிள்களையே பயன்படுத்துங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் வேளாண்மை படிக்கிறேன் அக்கா. தினசரி மழை அளவு சிஎஸ்வி ஃபைலில் சராசரி எடுத்தால் மைனஸில் வருகிறது. இன்னொரு நிலையத்துக்கு மைனஸ் இல்லை, ஆனால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு.

மைனஸுக்குக் காரணம் பெரும்பாலும் -999. அளவீடு இல்லாத இடத்தில் அந்த எண்ணைப் போடுவது வானிலைத் தரவில் பழைய வழக்கம், இந்திய வானிலைத் துறையின் கட்டம் வாரியான மழைத் தரவிலும் அப்படித்தான். நல்இஃப் ஃபங்ஷனால் அந்த எண்ணை நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்கிவிடுங்கள், சராசரி எடுக்கும்போது நல் கணக்கில் வராது.

அந்த இரண்டாவது நிலையம்தான் ஆபத்தானது, ஏனென்றால் பார்த்தால் தப்பு தெரியாது. விடுபட்ட கட்டங்கள் நல் ஆக ஏறாமல் வெற்று உரையாக ஏறியிருக்கும். எஸ்க்யூலைட்டின் சராசரி ஃபங்ஷன், எண்ணாகப் படிக்க முடியாத உரையை 0 என்று எடுத்துக்கொள்கிறது. பதிவே இல்லாத நாள் மழையே இல்லாத நாளாகிவிடுகிறது, அதனால் சராசரி சரிகிறது. டைப்ஆஃப் ஃபங்ஷனைப் போட்டு குரூப் பை செய்து பாருங்கள், அந்த நெடுவரிசையில் எத்தனை எண், எத்தனை உரை, எத்தனை நல் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். புது சிஎஸ்வி எது வந்தாலும் நான் எழுதும் முதல் குவெரி இதுதான்.

சார்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளின் தினசரி மழையை அப்படியே கோடாகப் போட்டால் ஒன்றும் புரியாது. மாதவாரியாகக் கூட்டித் தூண் சார்ட்டாகப் போடுங்கள். உங்கள் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம்தான் முக்கியம், ஆண்டுக்கு ஒரு தூணாக அதை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஒரே பார்வையில் கதை தெரியும். எத்தனை நாள் பெய்தது என்றும் எண்ணுங்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று கணக்கிடும். மழை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை அளக்கப்பட்டு, அளந்த நாளின் தேதியில் எழுதப்படுகிறது. இரவில் கொட்டிய மழை மறுநாள் தேதியில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஊர்ப் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன். அகர வரிசையில் வரவில்லை. சில ஊர்கள் தேடினாலும் கிடைக்கவில்லை, ஆனால் கண்ணெதிரே டேபிளில் இருக்கின்றன.

இரண்டும் வேறு வேறு சிக்கல். ஆர்டர் பை தமிழ் இலக்கணம் அறியாது, ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிக்கோடு எண்ணின் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ந-வுக்கு அடுத்தே ன வந்துவிடும், ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்குப் பின் ள, ழ, அதற்கும் பிறகுதான் வ. புள்ளிக்கான எண் பெரிது என்பதால் மெய்யெழுத்து பின்னால் தள்ளப்படும். நம் அகராதியில் பகலுக்கு முன்பே பக்கம் வந்துவிடும், எஸ்க்யூலைட்டில் பகல் முதலில் வரும். ஊர்ப் பட்டியல் சிறியதென்றால், ஊருக்கு ஒரு வரிசை எண் கொடுத்துத் தனி டேபிளாக வைத்து ஜாயின் செய்து, அந்த எண்ணின்படி அடுக்குங்கள்.

தேடல் கிடைக்காததற்குக் காரணம் கொம்பும் காலும். கொ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கெ-வுக்குப் பின்னால் காலைத் தனியாகப் போட்டும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. கௌ-வை கெ போட்டு ள அடித்து எழுதுகிறவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் லென்த் ஃபங்ஷனில் பாருங்கள், ஒரே ஊர் ஒரு வரியில் 6, இன்னொரு வரியில் 7 என்று வந்தால் விஷயம் புரிந்துவிடும். பிரிந்து கிடக்கிற கொம்பையும் காலையும் ரீப்ளேஸ் ஃபங்ஷனால் ஒற்றைக் குறியாக மாற்றுங்கள். கொ, கோ, கௌ என மூன்று குறிக்கு மூன்று ரீப்ளேஸ். மூன்றாவதில் மட்டும் கவனம். ள-வைத் தொட்டால் "வெள்ளம்" போன்ற சரியான சொற்களும் கெட்டுவிடும், அப்படி ள அடித்து எழுதிய கௌ-க்களைக் கையால்தான் பார்த்துத் திருத்த வேண்டும். கேள்விக்குறியாகவே ஏறிவிட்ட எழுத்துகளை மீட்க முடியாது, சிஎஸ்வியை யூடிஎஃப்-8 வடிவத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

அங்கி என்ற, அட்டைகளை வைத்து மனப்பாடம் செய்ய உதவும் செயலியில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். தினமும் எத்தனை அட்டை பார்த்தேன் என்று சார்ட் போட முடியுமா? ஃபைல் திறக்க மறுக்கிறது.

முடியும் தம்பி. முதலில் அங்கியை மூடிவிட்டு கலெக்‌ஷன் ஃபைலை நகலெடுத்துக்கொள்ளுங்கள், நகலில்தான் வேலை. அங்கி 'வால்' (ஆங்கிலத்தில் டபிள்யூ-ஏ-எல்) என்ற முறையில் எழுதுகிறது. புது மாற்றங்கள் பக்கத்தில் இன்னொரு ஃபைலில் தங்கியிருக்கும், செயலியை ஒழுங்காக மூடினால் அவை முதன்மை ஃபைலில் சேரும். இந்த முறையில் உள்ள ஃபைலைச் சில பிரவுசர் கருவிகள் திறப்பதில்லை. டிபி பிரவுசர் என்ற, கணினியில் நிறுவும் எஸ்க்யூலைட் செயலியில் நகலைத் திறந்து, ஜர்னல் மோடை (மாற்றங்களை எழுதும் முறையை) 'டிலீட்' என்று மாற்றிச் சேமித்தால் பிறகு திறக்கும்.

உங்களுக்கு வேண்டியது ரெவ்லாக் என்ற டேபிள். அதன் ஐடி நெடுவரிசைதான் நீங்கள் பதில் சொன்ன நேரம், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லி நொடிகள். 1000-ஆல் வகுத்து, டேட் ஃபங்ஷனில் 'யூனிக்ஸ்எபாக்', 'லோக்கல்டைம்' இரண்டையும் கொடுங்கள். 'லோக்கல்டைம்' விட்டுப்போனால் விடியற்காலையில் படித்ததெல்லாம் முந்தைய நாளில் விழும், நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறதே. அங்கியின் நாள், மாற்றாமல் விட்டால், அதிகாலை 4 மணிக்குத்தான் தொடங்கும். அங்கி காட்டும் கணக்கோடு ஒத்துவர வேண்டுமானால் நான்கு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத் தேதியாக்குங்கள். டெக் டேபிளைத் திறக்கும்போது 'யூனிகேஸ்' இல்லை என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம், அது அங்கியின் சொந்த அடுக்குமுறை. ரெவ்லாகுக்கு அது தேவையில்லை.

ஃபைலில் நான் ஏதாவது மாற்றினால் அசல் கெட்டுவிடுமா?

கெடாது. மாற்றம் நினைவகத்தில் மட்டும் நடக்கும். வேண்டுமானால் மாறிய டேட்டாபேஸைப் புது ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம்.

எழுதி வைத்த குவெரிகளெல்லாம் காணோம் அக்கா. ஹிஸ்டரியை அழித்தேன், அதனாலா?

அதனால்தான், ஹிஸ்டரியோடு தள விவரங்களையும் அழித்திருப்பீர்கள். சேமித்த குவெரிகளும் சார்ட்டும் பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கின்றன, தள விவரங்களை அழித்தால் அவையும் போய்விடும். ஏற்றுமதி செய்து ஜேசான் என்ற உரை வடிவ ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபைலை நண்பருக்கு அனுப்பினால் அவர் தன் டேட்டாபேஸில் அதே குவெரியை ஓட்டலாம். நூலகங்கள், பள்ளிகள் தங்களுக்குள் இப்படிப் பகிர்ந்துகொண்டால் எவ்வளவோ உழைப்பு மிச்சமாகும், தரவும் யார் கையை விட்டும் போகாது.

3 ஜிபி ஃபைல். பிரவுசர் அப்படியே நின்றுவிடுகிறது.

முழு ஃபைலும் நினைவகத்தில் ஏற வேண்டும் என்பதால் இது தாங்காது. டிபி பிரவுசரில் திறந்து, தேவையான ஆண்டுகளையும் நெடுவரிசைகளையும் மட்டும் தனி டேபிளாக வெட்டி எடுத்து அதைக் கொண்டுவாருங்கள்.

ஃபைல் பெயரின் முடிவில் டிபி என்று இருக்கிறது. ஆனால் டேட்டாபேஸ் இல்லை என்கிறது.

பெயரின் வால் எதையும் நிரூபிக்காது. நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். 'எஸ்க்யூலைட் ஃபார்மேட் 3' என்று ஆங்கில எழுத்தில் தொடங்கினால் சரியான ஃபைல். தொடக்கம் முதலே புரியாத குறிகளாக இருந்தால் வேறு வடிவம், அல்லது பூட்டப்பட்டது. வாட்ஸ்அப்பின் பேக்கப் ஃபைல் அப்படிப் பூட்டப்பட்டதுதான், சாவி இல்லாமல் இந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. தொடக்கம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் நகலெடுக்கும்போது பாதியில் அறுந்திருக்கலாம். மூல ஃபைலின் அளவையும் நகலின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் செயலியை மூடிவிட்டு மறுபடி நகலெடுங்கள்.