எடெல்வைஸ்: வெள்ளையாகத் தெரிவது பூ இல்லை

கேள்வி: சுவிட்சர்லாந்து போனபோது எடெல்வைஸ் என்ற மலைப்பூவைத் தொட்டுப் பார்த்தேன். இதழ்கள் கம்பளி போல இருந்தன. இதைச் சாமந்திக் குடும்பம் என்கிறார்களே, எப்படி?

நீங்கள் தொட்டது இதழ் அல்ல, இலை. நட்சத்திரம் போல விரிந்திருப்பவை வெள்ளை ரோமம் மூடிய பூவடியிலைகள். அவற்றின் நடுவில் மஞ்சளாக ஐந்தாறு பொத்தான்கள் இருந்திருக்குமே, கவனித்தீர்களா? ஒவ்வொரு பொத்தானும் ஒரு தலைமஞ்சரி. அதற்குள் நெருக்கமாக நிற்கும் சிறுமலர்கள்தான் உண்மையான பூக்கள். சாமந்தியிலும் சூரியகாந்தியிலும் நாம் 'ஒரு பூ' என்று சொல்வதும் இப்படிப் பல பூக்கள் சேர்ந்த தலைமஞ்சரிதான். எடெல்வைஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பல தலைமஞ்சரிகளைச் சேர்த்து ஒரே பூவைப் போலக் காட்டுகிறது. சாமந்தியில் ஓரத்தில் நாக்குப் போல நீளும் சிறுமலர்கள் இதில் கிடையாது. அந்த வேலையைத்தான் வெள்ளை இலைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஈக்களும் பிற பூச்சிகளும் தேடி வருவது அந்த வெள்ளையைப் பார்த்துத்தான்.

அடுத்த முறை ஒரு கைலென்ஸ் கொண்டுபோங்கள். பொத்தானின் ஓரத்தில் நூல் போன்ற பெண் பூக்களும், நடுவில் மகரந்தம் தரும் குழல் பூக்களும் தெரியும். அதைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

கேள்வி: அந்த ரோமம் குளிருக்கா?

குளிருக்கு மட்டும் இல்லை. இது பெரும்பாலும் 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை நிலத்தில் வளரும் செடி. அங்கே காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம். ரோமப் போர்வை ஈரம் போகாமல் காக்கிறது. பெல்ஜிய இயற்பியலாளர்கள் 2005-இல் இந்த ரோமங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் புற ஊதா ஒளியின் அலைநீளம் அளவுக்கு நுண்ணிய வரிகள் இருந்தன. அந்த அமைப்பு புற ஊதாக் கதிரைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஒரு சிறு செடியின் ரோமத்துக்குள் இவ்வளவு வேலை!

கேள்வி: செங்குத்தான பாறையில்தான் இருக்குமாமே?

அது, காதலிக்காகப் பாறை ஏறிப் பூப் பறிக்கும் பழைய காதல் கதைகள் கிளப்பிவிட்டது. கல் நிறைந்த வறண்ட புல்வெளியிலும் நன்றாக வளரும். கை எட்டும் இடத்தில் உள்ளவற்றை ஆட்கள் பறித்துவிட்டால் எட்டாத பாறையில் இருப்பவைதானே மிஞ்சும்? பல இடங்களில் சட்டப் பாதுகாப்பு உண்டு. தயவுசெய்து பறிக்காதீர்கள்.

கேள்வி: இது ஆல்ப்ஸுக்கே உரிய பூவா?

இந்த இனம் ஐரோப்பாவின் உயர்மலைகளுக்கு உரியது. ஆனால் இது சேர்ந்திருக்கும் லியோன்டோபோடியம் என்ற பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுதி) பெரும்பகுதி ஆசியாவில், அதிலும் இமயம், திபெத், மேற்குச் சீனப் பகுதிகளில் இருக்கிறது. உத்தராகண்டின் மேல்மலைப் புல்வெளிகளில் அதன் உறவுக்காரச் செடியைப் பார்க்கலாம்.

கேள்வி: ஊட்டியில் இதே மாதிரி வெள்ளைப் பூ பார்த்தேன். அதுதானா?

இல்லை. நீங்கள் பார்த்தது அநேகமாக அனாஃபாலிஸ் என்ற செடி. அதுவும் ஆஸ்டரேசி, அதாவது சாமந்திக் குடும்பம்தான், நெருங்கிய சொந்தமும்கூட. அதில் ஒவ்வொரு சிறு தலைமஞ்சரியையும் காகிதம் போன்ற வெள்ளைச் செதில்கள் சுற்றியிருக்கும். விரலால் தேய்த்தால் சரசரக்கும். எடெல்வைஸ் தொட்டால் மெத்தென்று இருக்கும்.

கேள்வி: சென்னை மாடியில் வளர்க்க முடியுமா?

வேண்டாம். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அழுகிவிடும். ஐரோப்பாவிலேயே சமவெளித் தோட்டத்தில் வைத்தால் உயரமாக வளர்ந்து, ரோமம் குறைந்து, வெள்ளை பச்சை கலந்து மங்கிவிடுகிறது.