கோடு போடுவதும் எடுப்பதும்: சாலைக் கோட்டு வேலை பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாட்டுச் சாலைகளில், கையால் தள்ளும் வண்டியை வைத்துக் கோடு போடும் குழுக்களை மேற்பார்வை செய்பவன் நான். லாரியில் பொருத்திய பெரிய இயந்திரங்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. வேலை செய்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், குடியிருப்புச் சங்கத்தார் என்று பலரும் கேட்டவற்றுக்குப் பதில் கீழே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (நாமக்கல், வேலைக்குப் புதியவர்): அண்ணே, பெயின்ட் என்கிறார்கள், தெர்மோபிளாஸ்டிக் என்கிறார்கள். இரண்டும் வெள்ளைக் கோடுதானே, என்ன வித்தியாசம்?

பெயின்ட் டப்பாவில் திரவமாக வரும். பிரஷ், ரோலர், ஸ்பிரே எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போனால் காய்ந்துவிடும். தெர்மோபிளாஸ்டிக் மூட்டையில் தூளாக வருகிறது. பிசின், வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு, சுண்ணாம்புக்கல் தூள், பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் எல்லாம் கலந்தது. பாய்லரில் உருக்கி, வண்டியின் அடியில் இருக்கும் பெட்டி வழியாகச் சாலையில் இழுப்போம். வழக்கமான தடிமன் 2.5 மி.மீ. அந்தத் தடிமனில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ போகும். 25 கிலோ மூட்டை ஒன்று 5 சதுர மீட்டருக்கு வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட ரொம்பக் குறைவாகச் செலவானால் கோடு மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆபத்தும் வேறு வேறு. பெயின்டில் ஆவியும் நெருப்பும். தெர்மோபிளாஸ்டிக்கில் சூடு.

கேள்வி (விழுப்புரம்): பாய்லரில் எத்தனை டிகிரி வைக்க வேண்டும்? எங்கள் மேஸ்திரி தெர்மாமீட்டரே பார்ப்பதில்லை. கரண்டியில் எடுத்து ஊற்றிப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

மேஸ்திரியின் கண்ணை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது இளக்கம்தான், சூடு இல்லை. பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள் வேலை நடக்கும். சரியான அளவு மூட்டையிலேயே போட்டிருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். சூடு மிஞ்சினால் வெள்ளை மஞ்சளடித்துப் போகும், பிசின் கருகும், புகை கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். சூடு குறைந்தால் சாலையில் ஒட்டாது. மூன்று மாதத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும் கோடுகளில் பல இப்படிக் குளிர்ந்த நிலையில் இழுக்கப்பட்டவை.

இன்னொன்று, நேரம். ஹைட்ரோகார்பன் பிசின் (பெட்ரோலியத்திலிருந்து வருவது) வகையை உருகிய நிலையில் 6 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மரப்பிசின் வகைக்கு 4 மணி நேரம்தான். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது பாய்லர் நிறைய உருக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். கலக்கியை நிறுத்தினால் கண்ணாடி மணி அடியில் தங்கிவிடும், அடிப்பகுதியும் தீய்ந்துபோகும்.

கேள்வி (கடலூர்): மழையில் நனைந்த மூட்டையைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா? அப்படியே போட்டால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடாதா?

தம்பி, ஆவியாகிப் போகும். எப்படிப் போகும் என்பதுதான் பிரச்சினை.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாய்லருக்குள் இருப்பதோ 200 டிகிரிக்குப் பக்கத்தில். ஈரத் தூள் உள்ளே விழுந்த நொடியில் அதிலுள்ள தண்ணீர் நீராவியாகிறது. ஆவியானதும் தண்ணீர் 1,600 மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலே கெட்டியான குழம்பு மூடியிருப்பதால், ஆவி அதைத் தூக்கி எறிந்துகொண்டுதான் வெளியே வரும். அப்பளம் பொரிக்கும் எண்ணெயில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே எண்ணெய்க்குப் பதில் தோலில் ஒட்டிக்கொள்ளும் பிசின், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் நனைந்த மூட்டையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் நடுவில் கட்டியாக ஈரம் நிற்கும். நல்ல மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் கட்டை மேல் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். காலையில் பாய்லர் மூடியைத் திறந்ததும் உள்ளே பனி நீரோ மழை நீரோ நிற்கிறதா என்று பார்த்து, இருந்தால் துடைத்துவிட்டே பற்றவைக்க வேண்டும். முந்தின நாள் மிச்சம் அடியில் இறுகிக் கிடந்தால் சின்னத் தீயில் மெதுவாக இளக விடுங்கள். தூளைச் சேர்க்கும்போது உயரத்திலிருந்து கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு சேருங்கள். முகக் கவசம் மாட்டாமல் மூடியைத் திறக்க என் குழுவில் யாருக்கும் அனுமதி இல்லை. இதில் நான் கறாரானவன், கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

பாய்லர் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், காரணம் இதேதான். கேஸை அடைத்து, மூடியை மூடி, உலர் ரசாயனத் தூள் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (மதுரை): கையில் உருகிய தெர்மோபிளாஸ்டிக் பட்டுவிட்டால் உடனே பிய்த்து எடுத்துவிட வேண்டுமா?

பிய்க்கக் கூடாது. பிய்த்தால் தோலும் கூடவே வரும். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஒட்டியதோடு சேர்த்தே. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உள்ளுக்குள் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் முழு நேரமும் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். நம் ஊரில் யாராவது ஒருவர் மை பாட்டிலோடு ஓடிவருவார், அவரைத் தடுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். அதன்பின் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒட்டியதை எடுப்பது மருத்துவரின் வேலை.

விரலையோ மணிக்கட்டையோ வளையமாகச் சுற்றி ஒட்டியிருந்தால் அவசரம். இறுகும்போது ரத்த ஓட்டத்தை நெரிக்கும். கண், முகம், அல்லது பெரிய பரப்பில் பட்டிருந்தாலும் தாமதிக்காமல் 108. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வேலை இடத்தில் தண்ணீர் கேன் வைப்பது குடிக்க மட்டும் இல்லை. 20 நிமிடம் ஊற்ற எவ்வளவு வேண்டும் என்று யோசித்து டிரம்மில் நிரப்பி வையுங்கள்.

கேள்வி (தர்மபுரி): சிலிண்டர் வெளியே பனி படிந்து கேஸ் வராமல் போகிறது. சுடுதண்ணீர் ஊற்றுகிறோம், சிலர் தீயைக் காட்டுகிறார்கள். சரியா?

தீயைக் காட்டுவது தற்கொலை முயற்சி. சுடுதண்ணீரும் வேண்டாம். சிலிண்டரில் இருப்பது திரவம். அது ஆவியாக வேண்டுமானால் சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, ஆவி வருவது குறைகிறது. ஒரே 19 கிலோ சிலிண்டரில் பெரிய பர்னரை ஓட்டுவதுதான் இதற்குக் காரணம். முறையான இணைப்போடு இரண்டு சிலிண்டர் போடுங்கள், சுமை பிரிந்துவிடும். சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள். பாய்லரிலிருந்து ட்யூப் நீளம் அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். தினமும் காலையில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, பக்கத்துச் சாக்கடைக்குள் இறங்கித் தேங்கி நிற்கும்.

கேள்வி: உடை?

முழுக்கைப் பருத்திச் சட்டை, கனமான பேன்ட், கணுக்காலை மூடும் தோல் ஷூ, நீளமான தோல் கையுறை. பேன்டை ஷூவுக்குள் சொருகாமல் வெளியே விடுங்கள், சொருகினால் சிந்துவது உள்ளே போய்விடும். பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். லுங்கியும் ஹவாய்ச் செருப்பும் வந்த வழியே திரும்பிப் போகலாம்.

கேள்வி (கோவை, பைக் ஓட்டுபவர்): புதுசாகப் போட்ட வரிக்கோட்டில் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்குகிறது. ஏன் இப்படிப் போடுகிறீர்கள்?

நியாயமான கோபம். இரவில் கோடு பளிச்சென்று தெரிய, உருகிய கோட்டின் மேல் கண்ணாடி மணியைத் தூவுகிறோம். சதுர மீட்டருக்கு 250 கிராம் என்பது நடைமுறை. கோடு சூடாக இருக்கும்போதே தூவினால் மணி பாதி அளவுக்குப் புதைந்து பிடித்துக்கொள்ளும். ஹெட்லைட் வெளிச்சம் அதனுள் புகுந்து ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பும். தாமதமாகத் தூவினால் மணி மேலேயே தங்கி உருளும், வெளிச்சமும் தராது, டயரையும் வழுக்க வைக்கும். அதிகமாகக் கொட்டினாலும் அப்படித்தான். வேலை முடிந்ததும் ஒட்டாத மணியைப் பெருக்கி எடுத்துவிட்டுத்தான் போக்குவரத்தைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கடைசிக் கால் மணி நேர வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். நீங்களும் மழையில் கோட்டின் மேல் சாய்ந்தபடி பிரேக் பிடிக்காதீர்கள், எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் தார் அளவுக்குப் பிடிப்பு இருக்காது.

கேள்வி (கிருஷ்ணகிரி, சூப்பர்வைசர்): நெடுஞ்சாலையில் நாலு கூம்பு வைத்துவிட்டு வேலை பார்க்கச் சொல்கிறார்கள். போதுமா சார்?

போதாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, தடம் மாற 5 நொடி ஆனால் 110 மீட்டர் போய்விட்டது. கூம்பு உங்கள் முதுகுக்குப் பத்து மீட்டர் பின்னால் இருந்து என்ன பயன்? இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்பி 55 இதற்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டி. முன்கூட்டியே எச்சரிக்கும் பகுதி, தடம் மெல்லக் குறுகும் பகுதி, வேலைப் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி என்று பிரித்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் இதற்குத் தொகை இருக்கிறதா என்று விலை குறிப்பிடும்போதே பாருங்கள். பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

வேலைப் பகுதிக்கு முன்னால், வண்டி வரும் பக்கத்தில், ஒரு லாரியை விளக்கு மின்ன நிறுத்துங்கள். அதன் சக்கரத்தை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். இடித்தால் உருண்டு வரும் தூரத்தையும் விட்டே வேலை செய்யுங்கள். கொடி காட்டுபவருக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள், போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து நூல் அடிக்கிறவர் (சுண்ணாம்பு தடவிய நூலால் நேர்கோடு குறிப்பவர்) வண்டி வரும் திசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். முடியாவிட்டால் பார்ப்பதற்கென்று ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கூம்பு எடுக்கும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுங்கள். ஆட்கள் அசதியாக, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் நேரம் அது.

கேள்வி (ஊட்டி): காலையில் போட்ட கோட்டில் குமிழ் குமிழாக வருகிறது.

சாலையில் ஈரம். மலையில் பத்து மணிக்குக்கூடப் பனி ஈரம் காய்ந்திருக்காது. ஒரு பாலிதீன் தாளைச் சாலையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிக் கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி இருந்தால் காத்திருங்கள். சிமென்ட் சாலையில் பிரைமர் (கோடு ஒட்டுவதற்கு முதலில் பூசும் அடிப்பூச்சு) காயாமல் போட்டாலும் இதே குமிழ் வரும்.

கேள்வி (திருப்பூர்): பழைய கோட்டின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா? ஏன் செலவு செய்து சுரண்ட வேண்டும்?

பகலில் முடிந்தது போல இருக்கும். கறுப்பு தேய்ந்ததும் உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். அதற்கு முன்பே, மழை இரவிலும் சாயங்கால வெயில் எதிரே அடிக்கும்போதும், கோட்டின் மேடு தனியாக மின்னும். ஓட்டுநருக்கு அப்போது இரண்டு தடம் தெரியும், எதில் போவது? அமெரிக்க விதிமுறைகளில், அகற்றுவதற்குப் பதிலாகக் கறுப்படிப்பதை ஏற்பதில்லை. நம் ஊரிலும் அடிக்காமல் இருப்பதே நல்லது.

எடுக்க வழிகள் உண்டு. உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சுவது சாலைக்கு அவ்வளவு சேதம் செய்யாது, ஆனால் இயந்திரமும் வாடகையும் பெரிது. சின்ன வேலைக்குக் கையால் தள்ளும் அரைக்கும் இயந்திரம்தான். அது கோட்டோடு கொஞ்சம் தாரையும் தின்னும், பழைய கோட்டின் வடிவத்திலேயே தழும்பு விழும். விளிம்பில் கொஞ்சம் அகலமாக எடுத்தால் தழும்பு அம்புக்குறி மாதிரி தெரியாது. சிமென்ட் சாலை என்றால் அதிகாலைக் குளிரில் உளியும் சுத்தியலும் வைத்தே பாளமாகப் பெயர்க்கலாம், அங்கே பிடிப்பு பிரைமரால் மட்டும்தான். தார்ச் சாலையில் தெர்மோபிளாஸ்டிக் தாரோடு உருகி ஒன்றாகிவிடுகிறது, அதனால் அவ்வளவு லேசாக வராது. கேஸ் டார்ச் காட்டி இளக்கிச் சுரண்டுகிறவர்கள், ஒரே இடத்தில் தீயை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தார் கொதித்துவிட்டால் அங்கே பள்ளம்தான்.

எடுப்பதற்கு இவ்வளவு பாடு. நூல் அடித்தபின் ஒரு தடவை எழுந்து நின்று, தள்ளிப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புக் கோட்டைத் தண்ணீர் ஊற்றி அழித்துவிடலாம்.

கேள்வி (திருச்சி): அரைக்கும்போது வரும் தூசு ஆபத்தா? கைக்குட்டை கட்டிக்கொள்கிறோம்.

கைக்குட்டை தூசைத் தடுக்காது. சிமென்ட் சாலையை அரைத்தால் வருவது சிலிக்கா, கண்ணுக்கே தெரியாத அளவில். நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் வரும், அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. தண்ணீர் விட்டு அரையுங்கள், முகத்தில் ஒட்டி உட்காரும் வடிகட்டி மாஸ்க் போடுங்கள். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது.

பழைய மஞ்சள் கோட்டில் கூடுதல் கவனம் தேவை. மஞ்சள் நிறத்துக்கு நெடுங்காலம் லெட் குரோமேட் சேர்த்தார்கள், அதில் ஈயமும் குரோமியமும் இருக்கிறது. ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டு விதிகள்கூட வீட்டு, அலங்கார பெயின்டுகளுக்குத்தான். அதனால் மஞ்சள் கோட்டுக்கு டார்ச் காட்ட வேண்டாம், உலர அரைக்கவும் வேண்டாம். கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

கேள்வி (சென்னை, குடியிருப்புச் சங்கச் செயலாளர்): எங்கள் அடித்தளப் பார்க்கிங்கில் நாங்களே கோடு போடலாமா?

தாராளமாக. கார் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று அளந்து நூல் அடியுங்கள். எண்ணெய்க் கறையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ரோலரில் இரண்டு மெல்லிய பூச்சு. டேப்பைப் பெயின்ட் முழுதாகக் காய்வதற்குள் உரிக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்பு பிசிறும். கவலை ஆவிதான். கரைப்பான் ஆவியும் கனமானது, அடித்தளத்தில் தேங்கும். காற்று உறிஞ்சி ஓட வேண்டும், வண்டி எதையும் ஸ்டார்ட் செய்யக் கூடாது, பீடி சிகரெட் கூடாது, யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது. தலை சுற்றினால் உடனே மேலே வாருங்கள்.

கேள்வி (தென்காசி): எங்கள் தெரு வேகத்தடை இரவில் தெரியவில்லை. இளைஞர் மன்றத்தில் காசு சேர்த்து நாங்களே வெள்ளையடிக்கலாமா?

எண்ணம் நல்லது. ஆனால் பொதுச் சாலை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ சொந்தம். எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குங்கள், வடிவத்தையும் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டுச் சுவர் பெயின்ட் வேண்டாம், மழையில் வழுக்கும், ஒரு மாதம்கூட நிற்காது. ஐஎஸ் 164 என்ற இந்தியத் தர எண்ணை டப்பாவில் போட்ட சாலைப் பெயின்ட் வாங்குங்கள். பகலில், காவல்துறைக்குச் சொல்லிவிட்டு, பாதிப் பாதியாகச் செய்யுங்கள். சிறுவர்களைச் சாலையில் இறக்காதீர்கள்.

கேள்வி: சுரண்டிய துகளை என்ன செய்வது? ஓரத்தில் தள்ளிவிடுகிறோம்.

ஓரத்தில் தள்ளினால் அடுத்த மழையில் வடிகாலுக்குப் போகும், அங்கிருந்து ஏரிக்கு. அது பிளாஸ்டிக், கண்ணாடி, சில நேரம் ஈயமும்கூட. பெருக்கிச் சாக்கில் கட்டுங்கள். மஞ்சளைத் தனிச் சாக்கில் போட்டு, மேலே எழுதி, வேலை கொடுத்த அலுவலகத்திடம் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.